திரை விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்: இரண்டாவது மதிப்புரையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய திரைப்பட விமர்சகர்களுக்கு,

வணக்கம். ஒரு படத்தை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, அன்றிரவே அதைப் பற்றி எழுதி முடிக்க வேண்டிய நெருக்கடியில் நீங்கள் பணியாற்றுகிறீர்கள் என்பதை அறிவேன். பெரும்பாலான படங்களுக்கு அந்த ஒரு முறையே போதும். அதில் எனக்கு எந்த முறையீடும் இல்லை. என் வேண்டுகோள், பார்ப்பவரைத் திகைப்பில் விட்டுவிட்டு முடிந்துபோகும் சில அறிவியல் புனைவுப் படங்களைப் பற்றியது மட்டுமே. அத்தகைய படங்களைச் சில காலம் கழித்து மறுபடி பார்த்து, இரண்டாவது மதிப்புரை ஒன்றை எழுதுங்கள். முதலாவதை நீக்கிவிடாமல் அதன் பக்கத்திலேயே இதையும் வையுங்கள்.

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தைப் பல ஆண்டுகள் கழித்து இரண்டாம் முறை பார்த்ததே இதை எழுதக் காரணம். 1968இல் வெளிவந்த இந்தப் படத்தில் முதல் வசனத்தைக் கேட்பதற்கே ஏறக்குறைய 25 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். முதல் முறை பார்த்தபோது, படத்தில் அவ்வப்போது தோன்றும் உயரமான கறுப்புக் கற்பலகையும் இறுதியில் வரும் வெள்ளை அறையும் எனக்குப் பிடிபடவில்லை. நடுவில் வரும் கதை மட்டும் தெளிவாகப் புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்தேன். வியாழனை நோக்கிச் செல்லும் டிஸ்கவரி விண்கலத்தை இயக்கும் ஹால் 9000 என்னும் கணினி பழுதாகி, தன்னை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி, உடன் வந்தவர்களைக் கொல்கிறது. மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான சண்டை, அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

இரண்டாம் முறை பார்த்தபோது கற்பலகை பழையபடி புதிராகவே நின்றது. குலைந்துபோனது, எனக்குத் தெளிவாகப் புரிந்திருந்த அந்தக் கதைதான்.

முதல் முறை நான் கொட்டாவி விட்டுக் கடந்த காட்சி ஒன்று உண்டு. நிலவிலுள்ள கிளேவியஸ் தளத்தில் ஹேவுட் ஃபிளாய்ட் என்னும் அதிகாரி ஒரு கூட்டத்தில் பேசுகிறார். நிலவில் புதைந்திருந்த பொருள் கண்டெடுக்கப்பட்டதை மறைப்பதற்காக, அந்தத் தளத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதாக ஒரு பொய் உலவவிடப்பட்டிருக்கிறது. உறவினர்கள் கலங்குவார்களே என்ற உங்கள் வருத்தம் எனக்கும் புரிகிறது, இந்தக் கட்டுக்கதை எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது என்று கூறும் ஃபிளாய்ட், ஆனாலும் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அமர்கிறார். பொய் சொல்லலாம், அதற்காகக் கொஞ்சம் கூசிக்கொள்ளலாம், பிறகு வேலையைப் பார்க்கலாம். மனிதர்களுக்கு இது முடிகிறது.

இதே ரகசியம்தான் பிறகு ஹாலிடம் ஒப்படைக்கப்படுகிறது. டிஸ்கவரியில் மற்றவர்கள் நீள்துயிலில் இருக்க, விழித்திருக்கும் விண்வெளி வீரர்களான போமனுக்கும் பூலுக்கும் பயணத்தின் உண்மையான நோக்கம் தெரியாது. ஹாலை நிறுத்திய பிறகு ஓடத் தொடங்கும் காணொளிப் பதிவில், பயணத்தின்போது கலத்தில் இதை அறிந்திருந்தது ஹால் மட்டுமே என்று அதே ஃபிளாய்ட் சொல்கிறார். படத்தின் பிற்பகுதியில் வரும் இந்த ஒரு வாக்கியத்தைத் தெரிந்துகொண்டு தொடக்கத்திலிருந்து பார்த்தால், ஹால் பேசுவதெல்லாம் வேறாகக் கேட்கிறது. 9000 வகைக் கணினி எதுவும் தவறு செய்ததோ தகவலைத் திரித்ததோ இல்லை என்று அது தொலைக்காட்சிப் பேட்டியில் பெருமையாகச் சொல்லும்போது, முதல் முறை அதை ஆணவம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையை மறைக்கும்படி ஏற்கெனவே கட்டளையிடப்பட்ட ஒன்றின் வாயிலிருந்து வருகிறது என்று தெரிந்தபின் அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

அடுத்து வருவது இன்னும் முக்கியமானது. போமன் வரைந்த ஓவியங்களைப் பாராட்டிவிட்டு, சொந்த விஷயமாக ஒன்று கேட்கலாமா என்று ஹால் பேச்சைத் தொடங்குகிறது. இந்தப் பயணத்தைப் பற்றி உங்களுக்கு ஏதாவது ஐயம் இருக்கிறதா, நிலவில் எதையோ தோண்டியெடுத்ததாகப் பேச்சு உலவியதே என்று மெல்ல மெல்ல நெருங்குகிறது. இது பணியாளரின் மனநிலை அறிக்கைக்கான கேள்விதானே என்று போமன் கத்தரித்துவிடுகிறார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டு ஹால் மன்னிப்புக் கேட்கிறது. அடுத்த கணமே, ஏ.இ.35 என்ற பாகத்தில் பழுது தெரிவதாகவும் அது 72 மணி நேரத்துக்குள் முற்றிலும் செயலிழக்கும் என்றும் அறிவிக்கிறது. அந்தப் பாகம் பூமியோடு தொடர்புகொள்ளும் ஆன்டெனாவைச் சேர்ந்தது. தன்மேல் சுமத்தப்பட்ட பொய்யை யாரிடமாவது இறக்கிவைத்துவிட முயன்று, முடியாமற்போன மறுகணம், பொய் சொல்லச் சொன்னவர்களின் குரல் வரும் வழியையே ஹால் பழுதென்று சுட்டுகிறது என்பது என் வாசிப்பு. படம் இதை உறுதிசெய்யவில்லை. கதையின் இணையாசிரியரான ஆர்தர் சி. கிளார்க், 1982இல் வெளியிட்ட தொடர் நாவலில், முரண்பட்ட கட்டளைகளே ஹாலைக் குலைத்தன என்று வெளிப்படையாக எழுதினார். ஆனால் அந்த விளக்கத்தை முன்கூட்டியே படித்திருந்தால், போமன் பேச்சைக் கத்தரிக்கும் அந்த இடத்தில் எனக்கு ஏற்பட்ட திடுக்கிடல் ஏற்பட்டிருக்காது. படம் வெளியான மறுநாளே ‘முடிவின் விளக்கம்’ எழுதுபவர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான்.

இரண்டாம் பார்வைக்கும் ஒரு நோய் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. பூலோடு ஆடும் சதுரங்கத்தில் ஹால் ஒரு நகர்வைத் தவறாகச் சொல்கிறது; ராணி மந்திரி வரிசையின் ஆறாம் கட்டம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மூன்றாம் கட்டம் என்கிறது. பூல் சரிபார்க்காமலே தோல்வியை ஒப்புக்கொள்கிறார். குப்ரிக் தேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர் என்பதால் இது திட்டமிட்ட தடயம் என்று வாதிடுவோர் உண்டு. வெறும் கவனப்பிழையாகவும் இருக்கலாம். இதன்மேல் ஒரு கோட்பாட்டையே கட்டியெழுப்ப எனக்குத் துணிவில்லை. போமனோடு நடக்கும் உரையாடல் அப்படிப்பட்டதல்ல. அதற்கு முன்னும் பின்னும் உள்ள காட்சிகள் அதைத் தாங்கி நிற்கின்றன.

நான் கேட்பது புதிதும் அல்ல. நியூஸ்டே நாளிதழின் விமர்சகர் ஜோசப் கெல்மிஸ் 1968இல் இதே படத்தைக் குறைகூறி எழுதினார். விரைவிலேயே மறுபடி பார்த்துத் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, இரண்டாவது மதிப்புரையையும் வெளியிட்டார். முதல் காட்சிகளுக்குப் பிறகு குப்ரிக் ஏறத்தாழ 19 நிமிடங்களை வெட்டினார் என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். இயக்குநருக்கே தம் படத்தை அரங்கில் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

கருத்தை மாற்றினால் வாசகர் மதிக்கமாட்டார் என்று நீங்கள் தயங்கலாம். ஒரே குறளுக்கு மணக்குடவர் சொன்னதையும் பரிமேலழகர் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கப் பழகிய வாசகர்கள் நாங்கள். ஒரே விமர்சகரின் இரண்டு உரைகளைப் படிக்க எங்களுக்குச் சிரமம் இராது. கருத்து மாறாவிட்டாலும் எழுதுங்கள். எந்தக் காட்சி மறுபடி பார்த்தும் அசையவில்லை என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு பார்வைகளுக்கும் இடையே எத்தனை நாள் கழிந்தது என்பதை மட்டும் தவறாமல் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளை அறை இன்னும் விளங்காத ஒரு பார்வையாளர்