அம்மாவுக்கு: அந்த மாத்திரை அட்டையைப் பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை கோவைக்கு வந்திருந்தபோது, என் அலமாரியில் துணிகளை மடித்து வைக்கையில், கட்டிப்பருவுக்காக நான் சாப்பிடும் ஐசோட்ரெடினோயின் மாத்திரையின் அட்டை உங்கள் கையில் அகப்பட்டிருக்கிறது. அன்று நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கோபிக்குத் திரும்பிய மறுநாள் இரவு, தொலைபேசியில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, "கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்று சிவப்புக் கட்டத்துக்குள் போட்டிருக்கிறதே, அதைச் சாப்பிட்டால் நாளைக்கு உனக்குக் குழந்தை பிறக்குமா?" என்று கேட்டீர்கள். "பிறக்கும் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது போதாது என்று அப்போதே தெரியும். இதே பயம் வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால், எல்லோரும் படிக்கும்படியாகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் நாம் இருவரும் தோல் மருத்துவரிடம் போன நாளிலிருந்து தொடங்க வேண்டும். என் தாடையில் இருந்த கட்டிப்பருக்களை விரலால் அழுத்திப் பார்த்து, பழைய மருந்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிய பிறகு, அந்த மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?" என்பது. இன்னும் திருமணமாகவில்லை என்று நீங்கள் முந்திக்கொண்டு சொன்னீர்கள். அவர் தலையசைத்துவிட்டு, இருந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனை செய்த பிறகுதான் மாத்திரை எழுத முடியும் என்றார். நீங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். பேருந்தில் அவிநாசி தாண்டி, குன்னத்தூர் வரும்வரை நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. உங்கள் மகளின் நடத்தையை ஒருவர் சந்தேகித்துவிட்டார் என்று நீங்கள் புண்பட்டிருந்தீர்கள். அதை மறுத்துப் பேச எனக்கு அன்று விவரம் போதவில்லை.

எனக்குப் பள்ளிக்கூடக் காலத்தில் பருவே வந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 27 வயதில் வேலைக்காகக் கோவைக்கு வந்த பிறகு, தாடை ஓரத்திலும் கழுத்திலும், தலையணையில் கன்னம் பட்டால் விழித்துக்கொள்ளும் அளவுக்கு வலிக்கிற கட்டிகளாக அது வந்தது. உடம்புச் சூடு என்றீர்கள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பாசிப்பயறு மாவும், கஸ்தூரி மஞ்சளும், திருநீற்றுப்பச்சிலைச் சாறும் வசம்பும் பூசினேன். அவற்றைப் பழித்துச் சொல்ல எனக்கு மனம் வராது. நீங்கள் விடியற்காலையில் எழுந்து அம்மியில் அரைத்துக் கொடுத்தவை அவை. ஆனால் கட்டி உருவாகும் இடம் தோலின் மேற்பரப்பு அல்ல, அதற்கும் கீழே மயிர்க்காலை ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பி. மேலே பூசுவது அங்கே போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு, பெண் பார்க்க வருகிறார்கள் என்ற அவசரத்தில், நம் தெரு மருந்துக்கடையில் ஒரு களிம்பு கேட்டு வாங்கினோமே, அதைத்தான் நான் இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். நான்கே நாளில் முகம் தெளிந்தது. இரண்டு மாதம் தொடர்ந்து பூசினேன். நிறுத்தியதும் முன்பிருந்ததைவிட அதிகமாகப் பரு கிளம்பியதோடு, வெயில் பட்டாலே முகம் சிவந்து எரிந்தது. கன்னத்தில் மெல்லிய முடியும் முளைத்தது. அதில் இருந்தது பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. அந்தக் களிம்பைக் கேள்வி கேட்காமல் கொடுத்தவர் நம்மை மதித்தார் என்று நினைத்தோம். கேள்வி கேட்ட மருத்துவர் அவமதித்தார் என்று நினைத்தோம். எனக்குத் தீங்கு செய்தது எது என்று யோசித்துப் பாருங்கள், அம்மா.

முறையான சிகிச்சையும் முதலில் படிப்படியாகத்தான் நடந்தது. பிசிஓடி என்னும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருக்கிறதா என்று ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்து, இல்லை என்று உறுதியானது. இரவில் பூச அடாபலீனும் காலையில் பென்சாயில் பெராக்சைடும் தந்தார்கள் (என் நீலத் தலையணை உறை வெளுத்துப் போனது ஏன் என்று கேட்டீர்களே, அது இந்தப் பென்சாயில் பெராக்சைடு செய்த வேலை). டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட்டேன். குறைந்தது, நிறுத்திய ஆறாவது வாரம் மீண்டும் வந்தது. நுண்ணுயிர்க்கொல்லியை வருடக்கணக்கில் நீட்டினால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்பதாலும், ஆறுகிற ஒவ்வொரு கட்டியும் ஒரு குழியை விட்டுச் சென்றதாலும்தான் ஐசோட்ரெடினோயின் என்ற அந்த மாத்திரையைப் பற்றிய பேச்சே வந்தது.

பங்குனியில் நான் தனியாக அதே மருத்துவரிடம் போனேன். உங்களிடம் சொல்லவில்லை. இந்த முறை நான் கேள்விகளை எழுதி எடுத்துச் சென்றேன். முதல் கேள்வியே, ஏன் அன்று அப்படிக் கேட்டீர்கள் என்பதுதான். அவர் பொறுமையாக விளக்கினார். இந்த மருந்து வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருங்கச் செய்வது. 1979-இல் அமெரிக்காவில் கேரி பெக் என்பவரின் குழு, வேறு எதற்கும் அடங்காத கட்டிப்பரு கொண்ட 14 பேருக்கு இதைக் கொடுத்தபோது 13 பேருக்கு முற்றிலும் மறைந்தது; 1982-இல் அங்கே விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் கருவில் இருக்கும் சிசுவின் முகம், காது, இதயம், மூளை ஆகியவை எங்கே எப்படி உருவாக வேண்டும் என்று உயிரணுக்களுக்குச் சொல்கிற சைகையே இந்த வைட்டமின் ஏ அமிலம்தான். தாயின் இரத்தத்தில் அது அளவுக்கு மீறி இருந்தால், அந்தச் சைகை குழம்பிப் போகிறது. முதல் மூன்று மாதத்துக்குள் இந்த மருந்து பட்ட கர்ப்பங்களில் கருச்சிதைவு அதிகம். தப்பிப் பிறக்கும் குழந்தைகளிலும் 20 முதல் 35 சதவீதம் வரை பெரிய பிறவிக் குறைபாடுகள் காணப்பட்டிருக்கின்றன. (இதைப் படித்ததும் முருங்கைக்கீரையும் காரட்டும் ஆகாதோ என்று பயப்பட வேண்டாம்; அவற்றில் உள்ளதை உடம்பு தனக்கு வேண்டிய அளவுக்கே வைட்டமினாக மாற்றிக்கொள்ளும்.)

அமெரிக்காவில் 2006-இலிருந்து ஐபிளெட்ஜ் என்ற பதிவுத் திட்டம் நடக்கிறது. கருத்தரிக்கக்கூடிய உடல் உள்ள ஒருவருக்கு, மருந்து தொடங்கும் முன் இரண்டு பரிசோதனைகளும், பிறகு மாதத்துக்கு ஒரு பரிசோதனையும் அங்கே கட்டாயம். ஒரு முறைக்கு 30 நாள் மாத்திரைக்கு மேல் தர மாட்டார்கள். திருமணமானவளா, ஆகாதவளா, நல்லவளா என்ற எதையும் அந்தத் திட்டம் விசாரிப்பதில்லை. என் மருத்துவரும் அப்படித்தான். தன் முன்னால் உட்கார்ந்திருப்பவள் பொய் சொல்கிறாளா என்று ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, எல்லோரையும் ஒன்றுபோலக் கேட்டுவிடுவதே ஒரு சிசுவுக்குச் செய்யும் நியாயம் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சிறுநீர்ப் பரிசோதனைக்கான குப்பியை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போகும்போது எனக்குக் கூச்சம் இருக்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த மருந்து உடம்பில் தங்கிவிடுவதில்லை. நிறுத்தினால் சுமார் ஒரு நாளில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது; அது மேலும் மேலும் குறைந்து போவதற்கு ஒரு மாத இடைவெளியை வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு மாதம் கழிந்த பிறகு உண்டாகும் கருவுக்கு இதனால் ஆபத்து இல்லை. கர்ப்பப்பையையோ சினைப்பையையோ இது கெடுத்து, பிள்ளையில்லாமல் செய்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிவப்புக் கட்டத்தில் இருப்பது, சாப்பிடும் காலத்துக்கும் அதற்குப் பின் ஒரு மாதத்துக்குமான எச்சரிக்கை. அந்தக் காலத்துக்குள் அது எவ்வளவு கடுமையானதோ, அதைத் தாண்டியபின் அவ்வளவு நிச்சயமாக முடிந்துபோவது.

மற்றவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் எடை 56 கிலோ. கிலோவுக்கு 120 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, சிகிச்சை முழுவதற்கும் மொத்தம் 6,720 மில்லிகிராம் என்று மருத்துவர் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். முதல் மாதம் தினம் 20 மில்லிகிராம், பிறகு 40. கொழுப்புச் சேர்ந்த உணவோடு சாப்பிட்டால்தான் உடம்பில் சேரும் என்பதால், இரவில் நெய் விட்டுச் சாப்பிட்ட பிறகே விழுங்குகிறேன். முதல் மூன்று வாரம் பரு குறைவதற்குப் பதில் கூடியது, அழுதேன். உதடு வெடித்தது. சித்திரை வெயிலில் இரண்டு முறை மூக்கில் இரத்தம் வந்தது. மூட்டில் வலி இருந்தது. ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு ஒரு முறை கொஞ்சம் கூடி, பின்பு இறங்கியது. ஈரல் பரிசோதனை சரியாகவே இருந்து வருகிறது. "சிலருக்கு மனச்சோர்வு வரலாம், உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம் சொல்லி வையுங்கள், மாற்றம் தெரிந்தால் அவர் சொல்லட்டும்" என்றார் மருத்துவர். அறைத்தோழியிடம் சொல்லி வைத்தேன். என்னை நன்றாக அறிந்த ஒருவர் என்று மருத்துவர் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்த முகம் உங்களுடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடியில் அப்பாவின் நினைவு நாளன்று, வழக்கம்போல் நான் இரத்த தானம் செய்யவில்லை. காய்ச்சல் என்று உங்களிடம் பொய் சொன்னேன். இந்த மருந்து சாப்பிடுகிறவர்களின் இரத்தம் தெரியாமல் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டுவிடக் கூடாது என்பதால், முடிந்து ஒரு மாதம் வரை தானம் செய்யக் கூடாது. அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று நீங்கள் என் நெற்றியைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தபோது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது.

நீங்கள் பார்த்தது கடைசி அட்டைக்கு முந்தைய அட்டை. புரட்டாசி பிறந்து சில நாளில் மாத்திரை முடிகிறது. அதிலிருந்து ஒரு மாதம் கழித்து, ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கடைசிப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே அறை, அதே மருத்துவர், அதே கேள்வி. கோபியிலிருந்து காலை முதல் பேருந்தில் ஏறி வந்துவிடுங்கள், அம்மா. அவர் கேட்கும்போது இந்த முறை பதிலை நானே சொல்கிறேன். நீங்கள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்