பியானோ வாசிக்கும் பிள்ளைகளை மேடைக்கு அழைப்பவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நம் சங்கங்களும் சமூக மன்ற நற்பணிச் செயற்குழுக்களும் ஆண்டிறுதிக் கலை நிகழ்ச்சிக்கு ஆள் தேடும் நேரம் இது. இந்த முறை பியானோ வாசிக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவரைத் தனிக் கச்சேரிக்கு அழையுங்கள், அழைத்தால் ஒரு கலைஞருக்குச் செய்யவேண்டியதை ஒழுங்காகச் செய்யுங்கள் என்று அவர்களிடம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு விருந்து நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். எந்த அமைப்பு என்பது இங்கே வேண்டாம். பதினேழு பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் மேற்கத்திய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1827ல் எழுதிய இம்ப்ராம்ப்டு என்னும் சிறு பியானோ படைப்புகளில் ஒன்றை வாசித்தார், ஜி பிளாட் மேஜர் என்ற சுருதியில் அமைந்தது. கேட்டவர்களுக்குத் தெரியும், மேலே மெட்டு மெதுவாக நீண்டு போகும், அடியில் சின்னச் சின்ன ஸ்வரங்கள் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், காலில் மிதிக்கும் பெடல் சரியாக இருந்தால்தான் இரண்டும் இழைந்து ஒலிக்கும். அவருக்குக் கொடுத்திருந்ததோ இரும்புத் தாங்கியில் வைத்த ஒரு கீபோர்டு. ஒயரில் இணைத்த அதன் பெடல், பளபளப்பான மேடைத் தரையில் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. கால் அதைத் துரத்திக்கொண்டு நீள, உடம்பு பின்னால் சாய, அப்படியும் அந்தப் பிள்ளை நிறுத்தவில்லை. நடுவில் ஒருவர் மேடையேறி, குனிந்து, அவர் காலடியில் கறுப்பு டேப் ஒட்டினார். கீழே சாப்பாட்டுத் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று நெறியாளருக்குச் சைகை போனது, கடைசிப் பகுதியைப் பாதி பேர் எழுந்து நின்றபடிதான் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு பொன்னாடை, ஒரு படம். சன்மானம் பற்றி அவர் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, மேடை கொடுத்ததே பெரிய வாய்ப்பு என்று பதில் வந்ததாம். எனக்கு அன்று முழுக்க மனசே ஆறவில்லை.

முதலில் அந்தப் பதில் மாறவேண்டும். பிரியாணி சமைப்பவரிடம் போய், வாய்ப்புத் தருகிறோம், இருநூறு பேருக்குச் சமைத்துக் கொடுங்கள் என்று யாராவது கேட்போமா? சின்ன வயதில் தொடங்கி, எட்டாம் நிலைப் பியானோ தேர்வு, அதன் பிறகு டிப்ளோமா என்று வாராவாரம் வகுப்புக்குப் பணம் கட்டி, பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்லாத நேரம் பார்த்து வீவக அடுக்குமாடி வீட்டில் பயிற்சி செய்து வளர்ந்த கை அது. நாற்பது நிமிடக் கச்சேரிக்குப் பின்னால் பல மாத உழைப்பு இருக்கிறது. மாணவர் என்பதால் தொகை குறைவாக இருக்கலாம், அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், ஆனால் சும்மா என்பது கூடாது. என்ன தொகை, எவ்வளவு முன்பணம், நிகழ்ச்சி ரத்தானால் என்ன செய்வது, என்ன பியானோ, ஒத்திகை எப்போது, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். வயது குறைந்தவர் என்றால் பெற்றோரும் போடட்டும்.

அப்புறம் பியானோ. நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். பெரிய அரங்குகளில் இருக்கும் கச்சேரி கிராண்ட் பியானோ ஏறக்குறைய 9 அடி நீளம், எடை 480 கிலோ அளவில் இருக்கும். சமூக மன்றத்துக்கு அது தேவையில்லை, ஆறடி கிராண்ட் போதும், வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் லாரியிலிருந்து இறக்கி வைத்ததோடு வேலை முடிந்துவிடாது. பியானோவுக்குள் 200க்கும் மேற்பட்ட கம்பிகள் இருக்கின்றன, பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று மூன்று கம்பிகள், மூன்றும் ஒரே சுருதியில் நிற்கவேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் உள்ளே இருக்கும் பலகை உப்பும், ஏர்கான் போட்டால் சுருங்கும், கூடவே சுருதியும் ஓடும். அதனால் சுருதி சேர்ப்பவர் கச்சேரி அன்றே வரவேண்டும், அதுவும் ஏர்கான் போட்டுச் சில மணி நேரம் ஆன பிறகு. நாற்காலி இழுக்கும் சத்தமும் மைக் டெஸ்டிங்கும் அந்த நேரத்தில் கூடாது, அவர் காதை வைத்துத்தான் வேலை செய்கிறார். பிறகு கலைஞருக்கு அதே பியானோவில் ஒரு மணி நேரமாவது கொடுங்கள். வயலின்காரர் தன் வயலினோடு வருவார். பியானோ வாசிப்பவருக்கு அங்கே என்ன இருக்கிறதோ அதுதான், ஒரு பியானோவின் கட்டை போல் இன்னொன்றின் கட்டை இறங்காது.

இவ்வளவும் சிரமம் என்றால் கூட்டத்தைப் பியானோ இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகலாம், எனக்கு அதுதான் நல்ல வழியாகப் படுகிறது. எஸ்பிளனேடின் ரெசைட்டல் ஸ்டூடியோவில் 245 இருக்கைகள், நம் நிகழ்ச்சிகளுக்கு வரும் கூட்டத்துக்கு அளவான இடம். வாடகை கட்டுப்படியாகாவிட்டால் பள்ளி அரங்குகளைக் கேட்டுப் பாருங்கள்.

என்ன வாசிப்பது என்பதை வாசிப்பவரிடமே விட்டுவிடுங்கள். எல்லாருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு ரெண்டு வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள், அவருக்கே ஆசை இருந்தால் வாசிக்கட்டும். (ஷோப்பான், ஷூபர்ட் போன்ற பழைய மேற்கத்திய இசையமைப்பாளர்களின் இசைக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. சினிமாப் பாட்டுக்குத்தான் உரிமம் பற்றி யோசிக்கவேண்டும்.) நம் மக்கள் இதையெல்லாம் கேட்கமாட்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் 2019ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றபோது அந்தக் காணொளியை நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிச் சுற்றிப் பார்த்தோமே. சிக்கில் குருசரண் பாட அனில் சீனிவாசன் பியானோ வாசிப்பதையும் விரும்பிக் கேட்கிறோம். இந்த ஊருக்கும் பியானோ புதிதில்லை. பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காவில் ஏரிக்கரையோரம் 2008லிருந்து ஷோப்பானுக்குச் சிலை இருக்கிறது, சிங்கப்பூரில் பிறந்த கேட் லியூ 2015ல் வார்சாவில் நடந்த ஷோப்பான் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கினார்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு, பியானோவில் கமகம் இல்லாதது முதலில் குறையாகத்தான் படும். உண்மைதான், ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஸ்வரத்தை வளைக்க வழியில்லை. ஆனால் இடது கை ஒரு கதை சொல்ல வலது கை வேறொன்று சொல்லி, இரண்டும் ஒன்றாகக் கூடுகிற சுகம் பியானோவில் இருக்கிறது. வாசிப்பவரே தொடங்கும் முன் தமிழில் இரண்டு நிமிடம் பேசி, இடது கையை மட்டும் ஒருமுறை, வலது கையை மட்டும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டால் போதும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகூடப் பிடித்துக்கொள்வார். நடுவில் கைதட்டலாமா கூடாதா என்ற பயமும் வேண்டாம், பிடித்தால் தட்டுங்கள். சாப்பாட்டை மட்டும் கச்சேரி முடிந்த பிறகு வையுங்கள், உரைகளையும் அப்படியே.

தேதி குறிக்கும்போதும் கவனம் தேவை. அக்டோபர், நவம்பரில் சாதாரண நிலை, மேல்நிலைப் பொதுத்தேர்வுகள், அப்போது மாணவர்களைக் கேட்காதீர்கள். பையன்களுக்கு முழுநேர தேசிய சேவை வந்துவிட்டால் இரண்டு ஆண்டுகள், பயிற்சிக்கே நேரம் கிடைக்காது. அதனால் சேவைக்குப் போகுமுன் ஒரு கச்சேரி என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். யாரை அழைப்பது என்று தெரியாதவர்கள், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரியில் மாணவர்கள் நடத்தும் கச்சேரிகளுக்கு ஒரு மாலை போய் உட்காருங்கள். கலைப்பள்ளியிலும் நன்யாங் நுண்கலைக் கழகத்திலும் விசாரிக்கலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நிருபரும் படக்காரரும் வருகிறார்கள், நல்ல விஷயம். இப்படி ஒரு பிள்ளையின் பியானோ கச்சேரிக்கும் ஒருவரை அனுப்புங்கள். என்ன வாசித்தார், எப்படி வாசித்தார் என்று நாலு பத்தி வந்தால் அடுத்த அமைப்பு அவரைத் தேடிப் போகும். கச்சேரி முன்னறிவிப்புகளுக்கு வாரம் ஒரு மூலை ஒதுக்கினால், வாசகர்களாகிய நாங்களே தகவல் சேர்த்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்