குணாவுக்கு, பெட்டி வைப்பதைப் பற்றி

அன்புள்ள குணா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மழை விட்டபாடில்லை. மகள் ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வாரக் கடைசியில் வந்து போகிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு வரும்போது நம் தோட்டத்தில் ஒரு ஜியோகேச் பெட்டி (பெயர் எழுத ஒரு நோட்டோடு ஒளித்து வைத்து, ஜிபிஎஸ் எண்ணைப் பார்த்துப் பிறர் தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டுப் பெட்டி) வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். நாம் வளர்ந்த இடத்தை நாலு பேர் தேடி வந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் லீவுக்கு வந்த ஊரில் வைத்துவிட்டுப் போகிற பெட்டியை, இணையத்தளத்தில் சேர்க்கும் முன் சரிபார்க்கிற ரிவ்யூவர்கள் லேசில் ஏற்க மாட்டார்கள். நோட்டு நனைந்தால் யார் மாற்றுவது, மூடி உடைந்தால் யார் போய்ப் பார்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நீ மெல்பர்னில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? பராமரிப்புக்கு என் கணக்குப் பெயரை எழுதிக்கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதற்கும் முன்னால் அனுமதி. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர்கள் என்பதால் அது நம் மண் என்று மனசு சொல்லும். ஆனால் நிலம் கம்பெனியுடையது, ஆபீசில் கேட்காமல் வைக்கக் கூடாது. மானேஜர் எழுதிக்கொடுத்தால் போதும் என்றும் விட்டுவிட முடியாது. காவல் காக்கிற ஜாகாவுக்கும் வேலையை மேற்பார்க்கிற மண்டோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை திருட்டு எவ்வளவு நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. கையில் போனை வைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து பார்க்கிற வெளியூர்க்காரனை ஜாகா என்ன நினைப்பார்? தேடி வருகிறவன் அடி வாங்கிவிட்டுப் போனால் அது நம் பொறுப்பு. ஆகையால் ரகசியம் தேடுகிறவர்களுக்கு மட்டும் இருக்கட்டும், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வேண்டாம்.

ராணுவத் தோட்டாப் பெட்டி வாங்கி வருவதாக எழுதியிருந்தாய். தண்ணீர் புகாது, வெளிநாட்டில் பலரும் அதைத்தான் வைக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். நம் ஊருக்கு வேண்டவே வேண்டாம். 1948 ஜூன் 16-இல் மூன்று தோட்டத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது இந்தச் சுங்கை சிப்புட் பக்கத்தில்தான். கம்பி வேலிக்குள் அடைபட்ட கதைகளைச் சொல்ல இன்னும் பெரியவர்கள் இருக்கிறார்கள். புதரில் பச்சை இரும்புப் பெட்டியைப் பார்த்தால் போலீசுக்குத்தான் போன் போகும். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பா, மேலே 'ஜியோகேச்' என்று தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்து, உள்ளே இது என்ன என்று விளக்கும் ஒரு சீட்டு. அது போதும்.

இடத்தைப் பற்றி நீ சொன்ன யோசனைகளில் இரண்டை இப்போதே தள்ளிவிடலாம். தமிழ்ப்பள்ளி வேலி கூடாது, பள்ளிக்கூட வளாகங்களை விதியே ஒதுக்குகிறது. ரயில் தண்டவாள ஓரமும் அப்படித்தான். முனியாண்டி கோவில் மரத்தடியை விதி தடுக்காவிட்டாலும் நான் தடுப்பேன். சூலம் நட்டிருக்கிற இடத்தில் செருப்புக் காலோடு வந்து வேரைக் கிளறினால் பூசாரி மனசு என்ன பாடுபடும்! மரத்தில் ஆணி அடிப்பதும் பள்ளம் தோண்டுவதும் எங்கேயும் ஆகாது. 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் வைத்த முதல் பெட்டி, பாதி மண்ணில் புதைத்த வாளி. உள்ளே ஒரு டின் பீன்ஸ்கூட இருந்தது. இன்று அந்த வாளியை எந்த ரிவ்யூவரும் விடமாட்டார். உணவு வைத்தால் நம் பக்கம் குரங்கும் காட்டுப்பன்றியும் முதலில் வந்து கண்டுபிடித்துவிடும்.

செம்பனை வரிசைக்குள் வைக்கலாம் என்றால் அதுவும் யோசிக்க வேண்டியது. வெட்டிய மட்டைகளை வரிசை நடுவே அடுக்கி வைக்கிறார்கள் இல்லையா, அங்கே எலி ஓடும், எலிக்குப் பின்னால் நாகம் வரும். அதற்குள் கைவிட்டுத் தேடச் சொல்வது பாவம். எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கம்பத்தில் கூடு கட்டி வைத்திருப்பார்கள், அதன் அருகிலும் போகக் கூடாது. மருந்து அடிக்கும் நாட்களில் உள்ளே நுழையவே கூடாது. போதாக்குறைக்கு மட்டைக் கூரையின் கீழ் ஜிபிஎஸ் எண்கள் அலைபாயும். வெவ்வேறு நேரத்தில் பலமுறை எடுத்துச் சராசரி பார்த்தால்தான் நம்பலாம்.

இன்னொன்று, மழை. ஒரு பழைய பெட்டியை நான் திறந்து பார்த்தேன். மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் ஒரு மூலையில் மட்டும் எழும்பியிருந்தது. உள்ளே தண்ணீர் நின்று, நோட்டு கூழாகி, தண்ணீரில் புழு நெளிந்தது. ஏடிஸ் கொசு! டெங்கி பரவும் ஊரில் கொசு வளர்ப்பது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அதனால்தான் பராமரிப்பை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன். பென்சில்தான் வைக்க வேண்டும், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.

எனக்குத் தோன்றுகிற இடம், தோட்ட முகப்பில் ரப்பர் பாலை எடை போட்ட பழைய கொட்டகை இருந்த சிமெண்டுத் திண்டு. ரப்பர் காலத்து மிச்சம் என்று சொல்ல அது ஒன்றுதான் நிற்கிறது. பொதுச் சாலையிலிருந்து பார்த்தால் தெரியும், ஜாகா குடிசையும் பக்கத்தில். இரண்டு பெட்டிகளுக்கு இடையே விதி கேட்கிற 161 மீட்டருக்குள் வேறு பெட்டி இல்லை என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டேன். பெட்டிக்கான விளக்கத்தில் விடியுமுன் ஆட்களைப் பெயர் கூப்பிட்ட பெரட்டுக் களத்தைப் பற்றியும் நம் அம்மாக்கள் விடிகாலையில் வாளியோடு நடந்ததைப் பற்றியும் நீயே எழுது, உனக்குத்தான் அது நன்றாக வரும்.

ஆபீசுக்கு வரும் திங்கள் போகிறேன். அங்கே குமாஸ்தாவாக இருக்கிற கிராணி நம் செட்டுப் பையனின் தம்பிதான், நல்ல மாதிரி. நீ டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லு. வரும்போது வளையம் கெட்டியாக இருக்கிற டப்பா இரண்டு வாங்கி வா, ஒன்று மாற்றுக்கு.

அன்புடன்,
சேகர்