ஓட வீட்டுக்காரன் எழுதுவது

பிரான்ஸ்டன், இங்கிலாந்து,
மே 18

அன்புள்ள சேது,

"ஓட்டு வீட்டில் பிறந்தவன் ஓட வீட்டில் சாகப் போகிறானாமே, இதை எனக்குச் சொல்ல மூன்றாம் மனிதன் வேண்டுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். நியாயமான கோபம். பாலு வழியாகத் தெரிந்துகொள்ளும்படி விட்டது என் தப்புதான். வீட்டை விற்று ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் மாதமே சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். ஆறு மாதம் போனதும் சொல்லாமல் இருந்ததற்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வாயே திறக்க முடியவில்லை. கோவெண்ட்ரி வீட்டை விற்றுக் குடியிருக்கப் படகு வாங்கினேன் என்றால் நீ எப்படிச் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தச் சைக்கிள் விஷயத்தில் சிரித்தாயே, அதே சிரிப்பு. நாற்பது வருடம் கழித்தும் காது கூசுகிறது.

இங்கே எல்லோரும் நலம். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு நிம்மதி. கோபால் சாருக்கு என் பெயரையும் சேர்த்து மாலை போட்டாயாமே, அந்தக் கடனை நேரில் தீர்க்கிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை படகை மூழ்கடிக்கப் பார்த்தேன். அதில் உனக்கும் பங்கு உண்டு.

முதலில் நீ கேட்ட கேள்விகளுக்குப் பதில். படகின் பெயர் கிங்ஃபிஷர். நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிகிறது. அது பறவையின் பெயர், நாங்கள் வைத்ததும் இல்லை. நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். அதாவது ஒன்றரை பஸ் நீளம், ஆனால் பஸ்ஸைவிட ஒரு அடிக்கு மேல் ஒல்லி. உள்ளே ஒருவர் தோசை வார்த்தால் இன்னொருவர் தாண்டிப் போக முடியாது. கக்கூஸ் உண்டு. அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. நிறைந்ததும் அதற்கென்று உள்ள இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். அது என் இலாகா. பணம் மிச்சமா என்று கேட்டிருந்தாய். உரிமக் கட்டணம், டீசல், அடுப்புக்கு நிலக்கரி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தரையேற்றி அடிப்பகுதிக்குக் கறுப்புப் பூச்சு, நாலு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புப் பரிசோதனை. மிச்சம் என்று எவனாவது சொன்னால் அவனிடம் படகு இல்லை என்று அர்த்தம்.

எங்களுக்கென்று நிரந்தரத் துறை கிடையாது. அப்படிப்பட்டவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று 1995-இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். மாட்டுக்கு அடிப்பது போல் கரையில் முளை அடித்துக் கட்டுகிறோம், நாள் ஆனதும் பிடுங்குகிறோம். உச்ச வேகம் மணிக்கு 4 மைல். நாங்கள் 3-ஐத் தொட்டாலே அதிகம். நடைப்பயிற்சிக்கு வரும் கிழவர்கள் எங்களை முந்திப் போய், திரும்பி வரும்போது மறுபடியும் வணக்கம் சொல்கிறார்கள்.

ஏன் இந்த ஒல்லி என்றால், இந்தப் பழைய கால்வாய்களின் லாக் (படகை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) அகலமே 7 அடிதான். பிரிண்ட்லி என்று ஒருவர் 1760-களில் போட்ட கணக்கு. மில் இயந்திரம் செய்து பிழைத்தவர், எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது. சிக்கல் வந்தால் போய்ப் படுத்துக்கொண்டு யோசிப்பாராம். (உன் முறையும் அதுதான், ஆனால் நீ தூங்கிவிடுவாய்.) அகலம் குறைந்தால் தண்ணீரும் மிச்சம், சுரங்கம் தோண்டும் செலவும் மிச்சம். ஆக்ஸ்போர்டு கால்வாய்க்கும் தடம் போட்டவர் அவரே. 1772-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். கால்வாய் ஆக்ஸ்போர்டைத் தொட்டது 1790-இல். மேட்டை வெட்டாமல், பள்ளத்தைத் தூர்க்காமல், சமமட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும். கிளேடனுக்கும் மார்ஸ்டன் டோல்ஸுக்கும் இடையில் லாக்கே இல்லாமல் 11 மைல். நேர்க்கோடு போட்டால் அதில் பாதிகூட வராது. வலப்பக்கம் பார்த்த பண்ணை வீடு கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் வருகிறது, அப்புறம் மறுபடியும் எட்டிப் பார்க்கிறது. கல்லணைக் கால்வாயான புதாற்றின் கரையில் வளர்ந்த நீ பார்த்தால் ஒரு நாள் முழுக்கப் பேசமாட்டாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன அக்டோபரில் லண்டன் பக்கம் போயிருந்தோம். சவுத்தாலைத் தாண்டும்போது தண்ணீரில் ஒரு தேங்காய் மிதந்தது. யாரோ பூஜை செய்து விட்டிருக்கிறார்கள். விஜயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த நிமிடம் என்ஜின் முக்கி நின்றது. பின்புறம் தரையில் ஒரு மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் படகைத் தள்ளும் சுழலியை நேராகத் தொடலாம். சட்டையைக் கழற்றிவிட்டு, தோள் வரை பனித்தண்ணீரில் கையை விட்டுத் துழாவினால், இரும்பில் இறுக்கிச் சுற்றியபடி ஒரு புடவை! ரொட்டிக் கத்தியால் முக்கால் மணி நேரம் அறுத்தேன். கைக்கு முதலில் வந்தது முந்தானை. பச்சை, மாம்பழக் கரை. விஜயா அதை விரலால் தேய்த்துப் பார்த்து, "பட்டு இல்லை, பாலியெஸ்டர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பட்டாக இருந்திருந்தால் என்னை அறுக்க விட்டிருப்பாளா என்று இன்னும் தெரியவில்லை.

சரி, செவ்வாய்க்கிழமை.

ஆக்ஸ்போர்டு கால்வாயில் நாப்டன் என்ற ஊரில் மலைச்சரிவில் ஒன்பது லாக் வரிசையாக இறங்குகிறது. ஆற்று ஷட்டர்களோடு வேலை பார்த்த உனக்கு லாக் புதிதல்ல: முன்னும் பின்னும் கதவு, நடுவில் ஒரு தொட்டி. கீழ் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் வடிகிறது, படகும் கூடவே இறங்குகிறது. இவர்கள் ஷட்டரைப் பேடில் என்பார்கள். சுழற்றுவதற்கு ஓர் இரும்புக் கைப்பிடி. உன் ஆட்கள் வைத்திருந்ததன் தம்பி. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போகிறது. கேட்டால் நம் டெல்டாக்காரன் வயிறு எரியும். விஷயம் என்னவென்றால், மேல் கதவின் அடியில் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. எதுவரை நீட்டியிருக்கிறது என்று காட்டக் கரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். முதல் நாளே எல்லோரும் சொல்லித்தருவது இதுதான்.

விஜயா கீழ்க் கதவில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். முன்கதவில் முட்டக் கூடாதென்று லேசாக ரிவர்ஸ் கொடுத்தேன். பிறகு நியூட்ரல் போட்டேன் என்று நினைத்தேன். போடவில்லை. பக்கத்து வயலில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆமாம், நம் எருமைகள், இங்கிலாந்தில்! அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் துடித்தது. உன் பெயர். எடுத்துப் படித்தேன். ஓட்டு வீடு, ஓட வீடு. சிரித்தேன்கூட.

அடியில் ஒரு முனகல் கேட்டது. நிமிர்ந்தால் படகின் மூக்கு எனக்குக் கீழே இருக்கிறது. பின்பகுதி கல்படியில் உட்கார்ந்துவிட்டது, முன்பகுதி தண்ணீரோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே தட்டு, டம்ளர், பருப்பு டப்பா எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிந்து முன்னால் ஓடும் சத்தம். முன்தளத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. நான் நின்ற பலகை கூரைபோல் சாய்ந்துவிட்டது. கையில் போனோடு நின்றேன், சேது. கியரை மாற்றக்கூடத் தோன்றவில்லை.

விஜயா கத்தவில்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள் அல்லவா. "இருந்த இடத்திலேயே இருங்கள்" என்றாள். கீழ் ஷட்டரை இறக்கினாள். 70 அடி ஓடி வந்தாள் (64 வயது, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு), மேல் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். தண்ணீர் ஏறி, பின்பகுதி ஒரு குலுக்கலோடு விடுபட்டு மிதந்தது. சுக்கான் மட்டும் தன் குழியிலிருந்து எகிறியிருந்தது; பின்னால் வந்த படகுக்காரர் ஒருவர் கழியைக் கொடுத்து நெம்பி உட்கார வைத்தார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் இருக்கும்.

கீழே இன்னும் லாக்குகள் பாக்கி. நடுவழியில் நிற்கவும் முடியாது. அவள் கைப்பிடியை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறி, சுக்கான் கோலைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் மாலுமி, நான் ஷட்டர் தூக்கும் லஸ்கர். அவள் ஓட்டுவது என்னைவிட நன்றாக இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ எப்படியும் கண்டுபிடிப்பாய்.

ஏன் இதை இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், தூக்கம் போய்விட்டது. படகு போயிருந்தால் போகட்டும். ஆனால் கண்ணை மூடினால் அவள் கரையில் தனியாக, கையில் அந்த இரும்போடு நிற்கிறாள். நான்தான் வீட்டை விற்கச் சொன்னேன். அவள் சம்மதிக்க ஒரு வருடம் ஆயிற்று. இந்தக் கோடையில் ஆக்ஸ்போர்டு வழியாகத் தேம்ஸ் நதியில் இறங்குவதாகத் திட்டம். நதி கால்வாய் மாதிரி இல்லை, இழுப்பு உண்டு, நங்கூரம் வேண்டும். அவள் வரைபடத்தை விரித்துவைத்து நாள் குறிக்கிறாள். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, காரணமே இல்லாமல் முளையை இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டுப் போகிறேன்.

கொள்ளிடத்து அணைக்கரையில் ஷட்டர் மேல் அந்த ராத்திரி அந்த விபரீதம் நடந்தபோது நான் ஊரில்தான் இருந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு நீ போய் அதே ஷட்டர் மேல் நின்றாய். நானும் பாலுவும் கரையிலிருந்து பார்த்தோம். எப்படி நின்றாய் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். கிண்டல் செய்யாமல் எழுது. போனில் வேண்டாம், விஜயா பக்கத்தில் இருப்பாள்.

மேட்டூரை இந்த வருடம் ஜூன் 12-இல் திறப்பார்களா? அங்கே மழை எப்படி?

இன்னொரு விஷயம். தங்கச்சி போன தடவை கட்டிக் கொடுத்த சாம்பார்ப் பொடி, இரண்டு கிலோ, அந்தச் சரிவில் டப்பாவோடு உடைந்து ஈரத்தில் கலந்துவிட்டது. மூன்று நாளாகப் படகு முழுக்க உங்கள் வீட்டுச் சமையலறை வாசனை. அடுத்த மாதம் பாலுவின் மகன் வரும்போது ஒரு கிலோ கொடுத்தனுப்பு. பெரியவள் வீட்டு விலாசம் போதும். தீர்ந்துவிட்டது என்று மட்டும் அவளிடம் சொல்.

உன்,
ராஜு