வாயை அளந்து எனக்கு அனுப்பு

கண்ணு,

நீ அனுப்பியதைப் படித்தேன். மூட்டுவாதம் உள்ள குழந்தைகளின் எச்சிலை எடுத்துப் பார்த்து, தாடை மூட்டில் வீக்கம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முயற்சி நடக்கிறதாம், கீழே "இது அப்பவே இருந்திருந்தா?" என்று மட்டும் எழுதியிருந்தாய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

சின்ன வயதில் உனக்கு மூட்டுவாதம் வந்தபோது, முழங்காலும் மணிக்கட்டும் வீங்கியதுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. தாடையைப் பற்றி யாரும் பேசவில்லை, நீயும் வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சாப்பிட ஒரு மணி நேரம் ஆகும், கெட்டியாக எது இருந்தாலும் ஒதுக்கிவிடுவாய், நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் ஒரு போட்டோவில் நீ வாய்விட்டுச் சிரிக்கும்போது மோவாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து டாக்டரிடம் ஓடினால், ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறதே என்றார். உடம்பில் வீக்கம் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் இஎஸ்ஆர், சிஆர்பி எல்லாம் சரியாக இருக்கும்போதே தாடை மூட்டு உள்ளே புகைந்துகொண்டிருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அதிலும் கீழ்த்தாடை வளரும் இடமே அந்த மூட்டில் இருக்கும் எலும்புக் குமிழின் மேல்பரப்பில், மெல்லிய குருத்தெலும்புக்குக் கீழேதான் இருக்கிறதாம், வீக்கம் வந்தால் முதலில் வளர்ச்சியில்தான் கை வைக்கும்.

சரி, எச்சில் விஷயத்துக்கு வருகிறேன். தாடை மூட்டின் வீக்கத்தை நம்பகமாகப் பார்க்க வேண்டுமென்றால் மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐதான். சின்னக் குழந்தை அந்தக் குழாய்க்குள் ஆடாமல் படுக்குமா, சில நேரம் மயக்க மருந்தே கொடுக்க வேண்டிவரும், அதை அடிக்கடி செய்ய முடியாது. எச்சில் என்றால் ஊசி இல்லை, ஒரு சின்னக் குப்பியில் துப்பினால் போதும். அதனால் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் யோசித்துப் பார். தாடை மூட்டு காதுக்கு முன்னால், தன் உறைக்குள் மூடிக்கிடக்கிறது, அதன் நீர் வாய்க்குள் சொட்டுவதில்லை. இன்டர்லூகின்-6, டிஎன்எஃப், கால்புரொடெக்டின் என்று வீக்கம் வந்தால் ஏறும் புரதங்களில் எச்சிலில் எதைத் தேடினாலும் அது ரத்தம் வழியாகச் சுற்றி வந்திருக்கலாம், ஈறிலிருந்தும் வந்திருக்கலாம். ஈறு வீங்கினாலே இதெல்லாம் ஏறும். மணிக்கட்டு வீங்கி, வாயும் சரியாகத் திறக்காத குழந்தை எப்படி ஒழுங்காகப் பல் தேய்க்கும், சொல்லு? உன் பல்லைத் தேய்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எந்தக் குழந்தைக்கு இந்தச் சோதனை வேண்டுமோ அந்தக் குழந்தையின் எச்சில்தான் குழப்பமும் பண்ணும். போதாததற்கு எந்த நேரத்தில் எடுத்தார்கள், எவ்வளவு ஊறியது என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். தாடைதான் என்று அது கை நீட்டிக் காட்டாவிட்டாலும், இந்தக் குழந்தைக்கு எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள் என்று சொல்லும் அளவுக்கு வந்தாலே எனக்குப் போதும்.

அதனால் உன் கேள்விக்கு என் பதில், எச்சில் சோதனை இல்லாததால் நாம் கோட்டைவிடவில்லை. டாக்டரிடம் ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு ஸ்கேலை வைத்து, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று யாராவது குறித்திருந்தால், அது குறைவதை முன்பே பார்த்திருப்போம். நான்கூடச் செய்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் பேசும்போது நீ கொட்டாவி விட்டாய், டக்கென்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. வெறும் சத்தம் மட்டும் என்றால் பெரும்பாலும் பயமில்லை. காலையில் எழுந்ததும் இறுக்கமாக இருக்கிறதா, திறக்கும்போது மோவாய் கோணுகிறதா என்று கண்ணாடியில் பார், இருந்தால் மூட்டு டாக்டரிடம் தாடை என்று நீயே வாய்விட்டுச் சொல், அவராகக் கேட்பார் என்று காத்திருக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஸ்கேல் வைத்து அளந்து எனக்கு அனுப்பு, இங்கே ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மா