எங்கள் தெருக் கிணற்றை மூடச் சொன்னது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருமுனையிலுள்ள பொதுக் குடிநீர்க் கிணற்றைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், "துர்நாற்றம் வீசும் கிணற்றை மூட அப்பகுதி மக்கள் கோரிக்கை" என்று இருந்ததைப் படித்து மனம் நொந்தேன். அதன் எதிர்வீட்டிலேயே பிறந்து வளர்ந்து இன்றும் குடியிருக்கும் என்னிடமோ, அக்கம்பக்கத்தாரிடமோ தங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாற்றம் கிணற்றுடையது அல்ல. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதில் தெரு உயர்ந்து, இடுப்பளவு இருந்த கைப்பிடிச் சுவர் முழங்காலளவாகிவிட்டது. மழை பெய்தால் சாக்கடை பொங்கி நேராக உள்ளே விழுகிறது. முறையிடப் போனால் மனுவை வாங்கி வைத்துக்கொள்கிறார்களே தவிர, வந்து பார்ப்பவர் இல்லை.

என் பாட்டி மணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோதே இருந்த கிணறு இது. குடிக்கவும், நெசவுக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடவும், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சவும் இதே தண்ணீர்தான். அதன் கருங்கல் விளிம்பில் கயிறு அறுத்த தடங்களில் இன்றும் என் சுண்டுவிரல் முழுதாகப் பதியும்.

சேலம் பாறைப் பூமி என்பது தாங்கள் அறியாததல்ல. மேலே சிதைந்த பாறையடுக்கில் தங்கும் மழைநீர்தான் இத்தகைய கிணறுகளுக்கு ஊற்று. கிணற்றை மூடிவிட்டு நூற்றுக்கணக்கான அடிக்கு ஆழ்துளை போட்டாலும் பாறையில் வெடிப்பு அகப்படாவிட்டால் வெறும் புழுதிதான் வரும். இந்நகரின் குடிநீருக்காகவே 1911-இல் அமைத்த பனமரத்துப்பட்டி ஏரி, மேட்டூர்த் தண்ணீர் வந்தபின் கவனிப்பாரற்றுச் சீமைக்கருவேலம் மண்டிப்போனது. சேர்வராயன் மலையில் பிறந்து வரும் திருமணிமுத்தாற்றைச் சாக்கடையும் சாயக்கழிவும் கலக்கும் வாய்க்காலாக்கினோம். இன்று மேட்டூர்க் குழாயில் உடைப்பு என்றால், கைக்கெட்டும் தூரத்தில் ஊற்றை வைத்துக்கொண்டு கேன் தண்ணீருக்குக் காசு தேடுகிறோம்.

சாக்கடையைத் திருப்பிவிட்டு, தூர்வாரி, சுவரை உயர்த்தி, மேலே இரும்பு வலை போட்டால் போதும்; நீரைப் பரிசோதித்த பிறகு குடிக்கலாமா, புழக்கத்துக்கு மட்டுமா என்று முடிவு செய்யட்டும். தாங்கள் அருள்கூர்ந்து நிருபரை ஒருமுறை பகலில் அனுப்பி, தெருவாசிகளைக் கேட்டு, அச்செய்தியைத் திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.