கல்லறை எழுத்தில் வெண்கட்டி தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறை வந்தால் திருகோணமலையிலிருந்து வான் பிடித்து மடு, கொழும்பு, காலி என்று பழைய ஆலயங்களைப் பார்க்கப் போகிறவர்கள் பலர். வெளியூர்க்காரரோ இங்கு வந்து, நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பியும் 1852இல் இறந்த கடற்படைத் தளபதியுமான சார்ள்ஸ் ஒஸ்டினின் கல்லறையை எஸ்பிளனேட் மயானத்தில் தேடுகிறார்கள். தேய்ந்த எழுத்தைக் கண்டதும் வெண்கட்டி தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும்தான் மனதை வருத்துகிறது.

வெண்கட்டியை அழுத்தித் தேய்க்கையில், பொரிந்து நிற்கும் எழுத்தின் விளிம்பு உதிர்கிறது. எண்ணெய் கல்லுக்குள் இறங்கிப் புழுதியைப் பிடித்துக் கறுக்கும். பிறகு கழுவினாலும் போகாது. பளிங்கிலும் சுண்ணக்கல்லிலும் தேசிக்காய்ப் புளி பட்டால் மேற்பரப்பே கரைந்துவிடும். பாசியைக் கத்தியால் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வரும்.

வாசிக்க வெளிச்சம் போதும். கைபேசியின் பிளாஷை நிறுத்துங்கள். நேரே விழும் ஒளி குழிகளின் நிழலை அழித்துவிடும். இன்னொருவர் டோர்ச்சைக் கல்லின் ஓரத்தில், ஏறக்குறைய கல்லோடு படுக்கவைத்தாற்போல் பிடிக்கட்டும். இடப்பக்கமிருந்து ஒரு படம், மேற்பக்கமிருந்து ஒரு படம். முதலாவதில் செங்குத்துக் கோடுகளும் மற்றதில் கிடைக்கோடுகளும் எழும்பித் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆண்டும் பெயரும் பெரும்பாலும் பிடிபடும். திறந்தவெளியில் கிடக்கும் கல்லுக்குக் காலைச் சாய்வெயிலே நல்லது, உச்சிவெயிலில் எதுவும் தெரியாது.

கொழும்பு வொல்வெண்டால் ஆலயம் 1749இல் தொடங்கி 1757இல் திறக்கப்பட்டது. கோட்டையிலிருந்த பழைய ஒல்லாந்தர் ஆலயத்துக் கல்லறைக் கற்கள் 1813இல் அங்கு கொண்டுவரப்பட்டன. இப்படிக் கல்லறைக் கற்கள் பதித்த தளங்களில் நடக்குமுன் சப்பாத்தை நன்றாகத் தட்டுங்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் மணலிலுள்ள குவார்ட்ஸின் கடினம் 7, பளிங்கினுடையது 3. ஒவ்வோர் அடியும் சாண்ட் பேப்பர் போல் அராவும். ஆராதனை நேரத்தைத் தவிர்த்து, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது முறை.

மரச் சொரூபங்களுக்குக் கைப்பிசுக்கும் மெழுகுதிரிப் புகையும் ஆகா. ஒல்லாந்தருக்கு அஞ்சி 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோய்க் காக்கப்பட்டவள் மடுமாதா. அப்படிக் காத்தவர்களின் பிள்ளைகள் நாம், திரியைத் தாங்கியில் மட்டும் ஏற்றுவோமே.

ஆலய நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். வாசலில் கால்மிதி, ஒரு டோர்ச், மும்மொழி அறிவித்தல் ஆகியவற்றை வையுங்கள். வெடித்த கல்லறைகளைச் சீமெந்தால் பூசவேண்டாம். சீமெந்து ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். நம் கடற்காற்றின் உப்பு அந்த ஈரத்தோடு சேர்ந்து கல்லின் முகத்தையே தள்ளி உதிர்த்துவிடும். சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த மேசன் கிடைக்கும்வரை வெடிப்பு அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
திருகோணமலை.